கிரானிட்வில் பொயின்ற்: ஒரு ரயில் பாதுகாப்பு விதியை விபத்தில் இருந்து வாசிப்பது

புதிதாக ரயில் வேலைக்குப் போகிற ஒருவரிடம் விதிப்புத்தகத்தைக் கொடுத்து, முதல் பக்கத்தில் இருந்து வாசி என்று சொல்வது வேலைக்கு ஆகாது. வரைவிலக்கணம், விதிவிலக்கு, "உபபிரிவு இன்னதில் கூறப்பட்டவாறு" என்று இழுத்துக்கொண்டே போகிற வாக்கியங்கள். மூன்றாம் பக்கத்தில் கண் சொருகும். சோதனைக்கு முதல்நாள் இரவு பாடமாக்குவார், சோதனை முடிந்த கையோடு மறப்பார். என் கட்சி வேறு: விதியை அது பிறந்த விபத்தில் இருந்து பின்னோக்கி வாசிக்க வேண்டும். அன்றைக்கு யார் எங்கே நின்றார், யார் கையில் என்ன இருந்தது, யாருக்கு எது தெரியாமல் போனது என்று பிடிபட்டுவிட்டால், விதியில் இருக்கிற ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கே வந்தது என்பது தன்பாட்டில் விளங்கும்.

இதை எழுதக் காரணம் திருகோணமலை உவர்மலையில் இருக்கும் ஒரு தம்பி. அவருடைய மூத்த அண்ணன் அமெரிக்காவில் சரக்கு ரயில் கம்பெனி ஒன்றில் கண்டக்டர் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறார். அங்கே சரக்கு ரயிலில் கண்டக்டர் என்றால் டிக்கெட் பார்ப்பவர் இல்லை, கிட்டத்தட்ட நம்முடைய கார்ட் மாதிரி ரயிலுக்குப் பொறுப்பானவர். பெட்டி கொழுவுவது, கழற்றுவது, பொயின்ற் (ரயிலை ஒரு பாதையில் இருந்து இன்னொரு பாதைக்குத் திருப்பிவிடுகிற தண்டவாள அமைப்பு) மாற்றுவது எல்லாம் அவர் தலையில்தான். பயிற்சியில் 218 என்ற பகுதி மட்டும் மண்டைக்குள் ஏறவில்லை என்று அவர் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, தம்பி அதை என்னிடம் கொண்டு வந்தார். "அண்ணை, இதை ஒருக்காத் தமிழில சொல்லித் தாங்கோ. அவருக்கு இங்கிலீசு நல்லா வரும், ஆனா இது இங்கிலீசு மாதிரியே இல்லையாம்."

ஸ்டேஷன் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து வாசித்தோம். ஓய்வுபெற்ற கார்ட் ஐயா ஒருவர் சேர்ந்துகொண்டார், பிறகு புகையிரதக் கடவையில் காவல் பார்க்கும் ஒருவரும் வந்தார். அமெரிக்க விபத்தைத் திருகோணமலையில் இருந்து ஏன் கிண்ட வேண்டும் என்று கேட்டால், அந்த அண்ணன் ஒரு காரணம். மற்றது, அங்கே விசாரணை அறிக்கை, விதி, அந்த விதி ஏன் இப்படி எழுதப்பட்டது என்ற அரசின் விளக்கம், மூன்றுமே இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஒரு விதி எப்படிப் பிறக்கிறது என்பதை ஆரம்பத்தில் இருந்து முடிவு வரை பார்க்க அதைவிட வசதியான இடம் இல்லை.

முதலில் எது மேலே, எது கீழே என்று தெரிய வேண்டும். மேலே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டம். 1970 ஆம் ஆண்டின் ரயில் பாதுகாப்புச் சட்டம் கொடுத்த அதிகாரத்தில் பெடரல் ரயில்ரோட் அட்மினிஸ்ட்ரேஷன் என்ற அரசு அமைப்பு, சுருக்கமாக எஃப்ஆர்ஏ, விதிகளை எழுதுகிறது. அவை கூட்டாட்சி விதித்தொகுப்பின் 49 ஆம் தலைப்பில் 200 முதல் 299 வரையான பகுதிகளில் இருக்கின்றன. 214 தண்டவாளத்தில் வேலை செய்பவர்களுக்கு, 218 இயக்க நடைமுறைக்கு, 219 மதுவுக்கும் போதைக்கும், 228 வேலை நேரத்துக்கு, 240 சாரதியின் சான்றிதழுக்கு, 242 கண்டக்டரின் சான்றிதழுக்கு. அதற்குக் கீழே கம்பெனியின் சொந்த விதிப்புத்தகம். அதற்கும் கீழே நேர அட்டவணையோடு வருகிற விசேட அறிவுறுத்தல்கள், அன்றன்றைய அறிவிப்புகள். கம்பெனி அரசு விதியைவிடக் கடுமையாக எழுதிக்கொள்ளலாம், தளர்த்த முடியாது.

இதில் பலர் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. அரசு விதி பல பிரிவுகளில் தொழிலாளியிடம் பேசுவதே இல்லை. "ஒவ்வொரு ரயில் கம்பெனியும் பின்வரும் தேவைகளை நிறைவேற்றும் இயக்க விதி ஒன்றை வைத்திருக்கவும் வேண்டும், அதன்படி நடக்கவும் வேண்டும்" என்று கம்பெனியிடம் பேசுகிறது. அதனால் தொழிலாளி அதை வாசிக்கும்போது, தனக்கு யாரோ மற்றவருக்கு வந்த கடிதத்தைப் பிரித்த மாதிரி இருக்கும். அண்ணனுக்கு விளங்காமல் போனதில் பாதி இதுதான். அவர் செய்ய வேண்டியது என்னவென்று அவர் கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும். அது ஏன், எந்த அளவுக்கு என்று அரசு விதியில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சரிவரும்.

சரி, விபத்துக்கு வருவோம்.

தென் கரோலினா மாநிலத்தில் கிரானிட்வில் என்று ஒரு சிறிய நெசவாலை ஊர். அதன் ஊடாகப் போகிறது நோர்போக் சதர்ன் கம்பெனியின் ஒற்றைப் பாதை. சிக்னல் கிடையாது. பாதையில் யார் இருக்கலாம் என்பதைத் தூரத்தில் இருக்கும் கட்டுப்பாட்டாளர் ரேடியோவில் வாய்மொழியாக அனுமதி கொடுத்துத் தீர்மானிக்கிறார். ரயில்காரர் அதை எழுதிக்கொண்டு திருப்பிச் சொல்ல வேண்டும். பொயின்ற் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதைக் கட்டுப்பாட்டாளருக்குக் காட்ட அவர் மேசையில் ஒரு விளக்கும் இல்லை. அங்கே நிற்கிற மனிதர் சொன்னால் தெரியும், சொல்லாவிட்டால் தெரியாது.

2005 ஜனவரி 5 ஆம் திகதி மாலை. பி22 என்ற உள்ளூர்ச் சரக்கு ரயில் நெசவாலையின் பக்கவழியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. சாரதி, கண்டக்டர், பிரேக்மேன் என்று மூன்று பேர். காலையில் இருந்து வேலையில் இருந்தவர்களுக்குச் சட்டப்படியான 12 மணி நேர வரம்பு நெருங்கிவிட்டது. வரம்பு தாண்டினால் வேலை பார்க்கக்கூடாது, வேலை நேரத்துக்கு வரம்பு வைக்கிற சட்டம் 1907 இல் இருந்தே உண்டு. எனவே ரயிலைப் பக்கவழியில் நிறுத்திவிட்டு, மெயின் லைன் எங்களிடம் இல்லை என்று கட்டுப்பாட்டாளருக்கு அறிவித்துவிட்டு, வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்கள். மெயின் லைனில் இருந்து பக்கவழிக்குத் திருப்புகிற கைப்பொயின்ற் திருப்பியபடியே கிடந்தது.

அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த முதல் ரயில் 192. மறுநாள் அதிகாலை 2:39 அளவில், மணிக்கு சுமார் 47 மைல் வேகத்தில், 42 பெட்டிகளோடு வந்தது. கைப்பொயின்ற்றின் தலையில் அது எந்தப் பக்கம் கிடக்கிறது என்று காட்டும் ஒரு தகடு இருக்கும், பொயின்ற் திரும்பியிருந்தால் சிவப்புப் பக்கம் தெரியும். இரவில், அந்த வேகத்தில், அதைக் கண்ட பிறகு நிறுத்துவதற்கு இடம் இல்லை. 192 பக்கவழிக்குள் புகுந்து ஆளில்லாமல் நின்ற பி22 இல் மோதியது. 192 இன் இயந்திரங்கள் இரண்டும் 16 பெட்டிகளும் தடம் புரண்டன. அவற்றில் மூன்று குளோரின் தாங்கிகள், அதில் ஒன்று கிழிந்தது.

குளோரின் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தைத் தேடிப் போய்த் தங்கும். 192 இன் சாரதியோடு சேர்த்து ஒன்பது பேர் அதைச் சுவாசித்து இறந்தார்கள். பெரும்பாலானோர் பக்கத்து ஆலையில் இரவு முறை வேலையில் இருந்தவர்கள், ரயிலுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டவர்கள் 554 பேர் அளவில். ஒரு மைல் சுற்றளவில் இருந்த சுமார் 5,400 பேரை வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். சீனன்குடா எண்ணெய்க் குதங்களுக்குப் பக்கத்தில் வளர்ந்த நமக்கு இந்தப் பகுதியை விளக்கத் தேவையில்லை, கடையில் அதை வாசித்தபோது ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

விசாரித்தது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, என்டிஎஸ்பி. இந்தச் சபை விதி எழுதுவதில்லை, தண்டம் விதிப்பதில்லை. காரணம் கண்டுபிடித்துப் பரிந்துரை மட்டும் செய்யும். விதி எழுதுகிறவரும் விபத்தை விசாரிக்கிறவரும் வேறு வேறு ஆளாக இருப்பது நல்ல ஏற்பாடு என்பது என் அபிப்பிராயம், இல்லாவிட்டால் தன் விதியில் இருக்கிற ஓட்டையைத் தானே கண்டுபிடிக்கிற பெரிய மனது எல்லோருக்கும் வராது.

சபை சொன்ன காரணத்தில் இரண்டு துண்டு இருக்கிறது. முதல் துண்டு எல்லோரும் எதிர்பார்த்தது: பி22 இன் ஆட்கள் வேலை முடிந்தபின் மெயின் லைன் பொயின்றைப் பழைய நிலைக்குத் திருப்பவில்லை. இரண்டாவது துண்டுதான் முக்கியம்: பொயின்ற் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்த அங்கே எந்த ஏற்பாடும் இருக்கவில்லை என்பதும் விபத்துக்குத் துணைபோனது.

கார்ட் ஐயா முதல் துண்டோடு நிறுத்தச் சொன்னார். "திருப்ப வேணும் எண்டு புத்தகத்தில கிடக்கு. திருப்பேல்ல. பிறகென்ன ஆராய்ச்சி?" ரயிலில் வயது போனவர்கள் அநேகம் பேர் இப்படித்தான் பேசுவார்கள், அவர்கள் காலத்தில் அப்படித்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் சொன்னது பொய்யும் இல்லை, விதி இருந்தது. ஆனால் அந்த விதி எதன்மேல் நின்றது என்று பாருங்கள். மூன்று பேர் இருக்கிற இடத்தில், மற்றவர் திருப்பியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைக்க வாய்ப்பு இருக்கிறது. வேலை முடிகிற நேரம், 12 மணி நேரச் சட்டம் பின்னால் நின்று தள்ளுகிறது. களைத்தவர்களைக் காப்பாற்ற வந்த சட்டம் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை அவசரமாக்கி விடுகிறது. ஒரு நல்ல விதி இன்னொரு நல்ல விதியின் காலை மிதிக்கிற இடம் இது, விதிப்புத்தகத்தை வரிசையாக வாசிக்கிறவருக்கு இது ஒருபோதும் கண்ணில் படாது. கட்டுப்பாட்டாளரோ, பாதையை விட்டுவிட்டீர்களா என்று தெரிந்துகொள்கிறார், பொயின்றைத் திருப்பினீர்களா என்ற கேள்வி அந்த உரையாடலில் கட்டாயமாக இல்லை. முழுப் பாதுகாப்பும் மூன்று களைத்த மனிதரின் ஞாபகத்தில் தொங்கியது.

அடுத்து நடந்ததுதான் விதி வாசிக்கிறவருக்கு ருசியான பகுதி. விபத்து நடந்த சில நாட்களிலேயே எஃப்ஆர்ஏ ஒரு பாதுகாப்பு ஆலோசனை வெளியிட்டது. ஆலோசனை என்றால் ஆலோசனைதான், கட்டாயம் இல்லை. அந்த வருடமே அதே மாதிரித் திருப்பப்படாத பொயின்ற்களால் வேறு விபத்துகளும் நடந்தன, செப்டெம்பரில் டெக்சாசில் நடந்ததில் ரயில் ஊழியர் ஒருவர் இறந்தார். 2005 ஒக்டோபரில் அவசர ஆணை 24 வந்தது. அதை மீறினால் தண்டம். சிக்னல் இல்லாத பாதையில் கைப்பொயின்றைத் தொடுகிற ஒவ்வொருவரும் ஒரு படிவத்தில் எப்போது திருப்பினார், எப்போது பழைய நிலைக்குக் கொண்டு வந்தார் என்று எழுத வேண்டும் என்றது. கடைசியாக 2008 பெப்ரவரி 13 அன்று நிரந்தர விதி வெளியானது: 218 ஆம் பகுதியின் எஃப் உட்பிரிவு. பெட்டி தள்ளுவது, பக்கத்துப் பாதைக்கு இடைஞ்சலாகப் பெட்டியை விட்டுப் போவது, கைப்பொயின்ற், இவை எல்லாம் அதற்குள் வருகின்றன.

ஆலோசனை, ஆணை, விதி. கையில் ஒரு காகிதம் கிடைத்தால் இந்த மூன்றில் அது எது என்று முதலில் பார்க்க வேண்டும் என்று தம்பியிடம் சொன்னேன். தலைப்பு பெரிதாக இருப்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது.

இப்போது 218.105 ஐ, அதாவது 218 ஆம் பகுதியின் 105 ஆம் பிரிவை எடுத்தோம், அண்ணன் அனுப்பிய படத்தில் இருந்ததும் அதுதான். நான்கு வரியை ஒரே மூச்சில் வாசித்தால் தலை சுற்றும். கிரானிட்வில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் இப்படி வருகிறது.

மெயின் லைன் கைப்பொயின்ற் ஒவ்வொன்றுக்கும் வழமையான நிலை எது என்று கம்பெனி எழுத்தில் குறித்து வைத்திருக்க வேண்டும். பாவிக்காத நேரத்தில் அந்த நிலையில் திருப்பிப் பூட்டியிருக்க வேண்டும். விதிவிலக்கு உண்டு, ஆனால் அதைக் கவனித்துப் பாருங்கள்: கட்டுப்பாட்டாளர் வேறு விதமாகச் சொல்லி அதற்கான பாதுகாப்பும் கொடுத்திருந்தால், அல்லது பொயின்ற் இன்னொரு ரயிலின் ஊழியர் போன்ற பொறுப்பான ஒருவரின் கையில் விடப்பட்டிருந்தால். எந்த விதிவிலக்கிலும் யாரோ ஒருவர் பெயர் சொல்லும் அளவுக்குப் பொறுப்பில் இருக்கிறார். யாருக்கும் சொந்தமில்லாமல் ஒரு பொயின்ற் திரும்பிக் கிடக்க வழியே இல்லை.

பொயின்ற் மாற்றிய இடத்தை விட்டு ரயிலோ ஊழியர்களோ புறப்படுமுன், ஊழியர்கள் எல்லோரும் வாய்விட்டுப் பேசி அதன் நிலையை உறுதிப்படுத்த வேண்டும். "எல்லோரும்", "புறப்படுமுன்", "வாய்விட்டு". மூன்று பேரும் ஒருவரை ஒருவர் நம்பிக்கொண்டு வாகனத்தில் ஏறுகிற காட்சியை மனதில் வைத்தால் இந்த மூன்று சொல்லும் எதற்கு வந்தன என்று சொல்லத் தேவையில்லை. தலையாட்டுவது போதாது, இருவர் பேசி மூன்றாமவர் காதில் விழாமல் போனால் போதாது, ஏறிப் போன பிறகு ஃபோனில் கேட்பது போதாது.

அதற்குப் பிறகு நான்காவது ஆள் வருகிறார். சிக்னல் இல்லாத பாதையில், மெயின் லைன் அனுமதியைத் திருப்பிக் கொடுக்குமுன், அதுவும் பொயின்ற் இருக்கிற இடத்தை விட்டுப் போகுமுன், அதைப் பழைய நிலைக்குத் திருப்பிப் பூட்டிவிட்டேன் என்று கட்டுப்பாட்டாளருக்குச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் கேட்டதைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்க வேண்டும். ஊழியர் சரி என்று உறுதிப்படுத்த வேண்டும். மேசையில் விளக்கு இல்லாத கட்டுப்பாட்டாளருக்கு இந்தப் பேச்சுத்தான் விளக்கு. 2005 இல் "பாதையை விட்டுவிட்டோம்" என்ற ஒற்றைச் செய்தியாகப் போனது, இப்போது பொயின்ற்றைப் பற்றிய தனிக் கேள்வி பதிலாக மாறியிருக்கிறது.

"போகுமுன்" என்பதைத் தம்பி பிடித்துக்கொண்டார். பொயின்ற் பக்கத்தில் நின்று ரேடியோவில் பேசும்போது பூட்டு கண்ணுக்கு முன்னால் இருக்கும், சந்தேகம் வந்தால் குனிந்து பார்க்கலாம். அவர் அண்ணனுக்கு அனுப்பிய குரல்பதிவில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவசர ஆணையில் இருந்த படிவம் 218.105 இல் கட்டாயமாக வரவில்லை. கார்ட் ஐயாவுக்கு இது பிடிக்கவே இல்லை, எழுதினால்தான் கை நிற்கும் என்பது அவர் வாதம். எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. படிவம் நிரப்புகிற வேலை பழகிப் போனால், பொயின்றைப் பார்க்காமலே நேரத்தை எழுதுகிற கையும் பழகிப் போகும். இரண்டு பேர் கேட்டுப் பதில் சொல்கிற பேச்சை அப்படிப் பொய்யாக்குவது கொஞ்சம் கடினம், அதில் ஏமாற்ற இரண்டு பேர் வேண்டும்.

ஐயாவின் கோபத்துக்குப் பின்னால் அவருடைய அனுபவம் இருந்தது, அது டெப்ளட். கல்லோயாச் சந்தியில் இருந்து கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாகத் திருகோணமலைக்கு வருகிற நம்முடைய பாதை 1927 இல் திறந்த ஒற்றைப் பாதை. அவர் வேலை பார்த்த காலம் முழுக்க டெப்ளட் கையில் இல்லாமல் ஒரு கோச்சியும் அடுத்த ஸ்டேஷனுக்குக் கிளம்பாது. வட்டமான உலோகத் தகடு, அதில் இரண்டு ஸ்டேஷன் பெயர் பொறித்திருக்கும். இரண்டு ஸ்டேஷனிலும் இருக்கிற கருவிகள் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டவை, ஒரு நேரத்தில் ஒரு தகடுதான் வெளியே வரும். இங்கிலாந்தில் 1874 இல் தோர்ப் என்ற இடத்தில் தந்தியில் போன உத்தரவு குழம்பி, ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்த பிறகுதான் எட்வர்ட் டையர் இந்தக் கருவியைச் செய்தார். வாய்ச்சொல்லை நம்பி ஓட்டியதற்கு வந்த பதில் அது.

பிரித்தானிய வழக்கத்தில் இதோடு ஒட்டி இன்னொரு ஏற்பாடு உண்டு. நடு வழியில் இருக்கும் பக்கவழிப் பொயின்ற்றின் பூட்டு டெப்ளட்டால்தான் திறக்கும். பொயின்ற் திரும்பியிருக்கும்வரை டெப்ளட் பூட்டுக்குள் மாட்டிக்கொள்ளும், பழைய நிலைக்குக் கொண்டு வந்தால்தான் வெளியே வரும். டெப்ளட் வெளியே வராமல் ரயில்காரர் வீட்டுக்குப் போக முடியாது, மற்ற ரயிலுக்குப் பாதையும் கிடைக்காது. கிரானிட்வில்லில் ஞாபகம் செய்ய வேண்டியிருந்த வேலையை இங்கே ஒரு பித்தளைத் துண்டு செய்கிறது. ஐயா இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் பெருமையாகத்தான் பார்த்தார்.

ஆனால் அவருக்கு ஏபர்மியூலையும் சொல்ல வேண்டியிருந்தது. வேல்சில் 1921 ஜனவரி 26. அதே டையர் டெப்ளட். ஸ்டேஷனுக்கு வந்து நின்ற சாதாரண ரயிலின் சாரதி தான் கடந்து வந்த பகுதியின் டெப்ளட்டைக் கொடுத்தார். அது கை மாறிக் கை மாறி, அடுத்த பகுதிக்கான டெப்ளட் என்று நினைத்து அவரிடமே திரும்பக் கொடுக்கப்பட்டது. பொறித்திருந்த பெயரை ஒருவரும் வாசிக்கவில்லை, சாரதியும் வாசிக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் சரியான டெப்ளட்டோடு எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருந்தது. 17 பேர் இறந்தார்கள். கருவி பிழை விடவில்லை, தகட்டில் எழுதியிருந்ததும் பிழையில்லை. கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு மனிதர் கண்ணால் பார்த்து வாயால் சொல்ல வேண்டிய ஒரு கணம் எங்காவது மிச்சம் இருக்கும், 218.105 அந்தக் கணத்தைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. ஐயா இதற்குப் பதில் சொல்லவில்லை, இன்னொரு பிளேன்ரீக்குச் சொன்னார்.

அமெரிக்காவும் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. 2008 செப்டெம்பர் 12 அன்று கலிபோர்னியாவின் சாட்ஸ்வேர்த்தில் பயணிகள் ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டி சரக்கு ரயிலில் மோதி 25 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே வந்த ரயில் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம், முக்கியமான பாதைகளில் ரயிலைத் தானாக நிறுத்தும் கட்டுப்பாட்டு முறையைக் கட்டாயமாக்கியது. அந்த முறை தடுக்க வேண்டியவை என்று சட்டம் சொல்வது நான்கு: ரயிலோடு ரயில் மோதுவது, அதிவேகத்தால் தடம் புரள்வது, வேலை நடக்கும் பகுதிக்குள் ரயில் புகுவது, பிழையாகக் கிடக்கும் பொயின்ற் வழியாக ரயில் போவது. நான்காவது யாருடைய கதை என்று தெரிகிறது. 2015 இல் முடிய வேண்டியது நீண்டு நீண்டு 2020 இல்தான் முடிந்தது, எல்லாப் பாதையிலும் அது கட்டாயமும் இல்லை. அதனால் அண்ணனுக்கு 218 இன்னும் தேவை.

அவருக்கு இதில் சொந்தக் கணக்கும் இருக்கிறது. 242 ஆம் பகுதியின்படி கைப்பொயின்ற் விதியை மீறினால் கண்டக்டரின் சான்றிதழே பறிபோகலாம், முதல் தடவைக்கு 30 நாள். பயிற்சியில் இருப்பவருக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கடவைக் காப்பாளர் அதுவரை பேசவில்லை. 218.97 ஐ வாசித்தபோதுதான் நிமிர்ந்தார். கைப்பொயின்ற், பெட்டி நகர்த்தல் போன்ற வேலையில், மேலதிகாரி சொல்கிற உத்தரவு விதியை மீற வைக்கும் என்று ஊழியர் நேர்மையாக நம்பினால் அதை மறுத்துக் கேள்வி கேட்கலாம், கேள்வி தீரும்வரை அந்த வேலையைச் செய்யும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, இதற்கான நடைமுறையைக் கம்பெனி எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. வேறு ஒருவரைக் கொண்டு அதே வேலையைச் செய்விக்கப் பார்த்தால், முதல் ஆள் மறுத்திருக்கிறார் என்று இரண்டாமவருக்குச் சொல்லவும் வேண்டும். கெட்டிக்காரத்தனமான வரி. யார் எழுதியிருந்தாலும் அவர் ஒரு யார்ட்டில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

"நாங்க மறுத்தா நாளைக்கு வேற ஆள் நிப்பான் சேர்" என்றார் அவர். அவருக்குச் சொல்ல என்னிடம் 218.97 மாதிரி ஒன்று இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் அவரைப் போன்றவர்கள் பல வருடங்களாகப் பொலிஸ் ஊடாக, நாளுக்கு 250 ரூபா கொடுப்பனவில் அமர்த்தப்பட்டவர்கள், நிரந்தர நியமனம் கேட்டுப் போராடியவர்கள். மறுக்கிற உரிமை காகிதத்தில் இருப்பதற்கு முன்னால் வேலையே காகிதத்தில் இருக்க வேண்டும். இங்கே மேலே இருப்பது 1902 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் புகையிரதக் கட்டளைச் சட்டம், அதற்குக் கீழே திணைக்களத்தின் விதிகளும் சுற்றறிக்கைகளும். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரைப்படி வடக்கு கிழக்கில் நிருவாக மொழி தமிழ். ஆகவே தன் கடமை பற்றிய அறிவுறுத்தலைத் தமிழில் எழுத்தில் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. கேட்டுப் பாருங்கள் என்று சொன்னேன். கிடைக்கும்வரை ஒன்று செய்யலாம்: வாய்மொழியாக வருகிற அறிவுறுத்தலைக் கொப்பியில் திகதி, நேரம், சொன்னவரின் பதவி போட்டு எழுதி, சொன்னவருக்கே வாசித்துக் காட்டுவது. கட்டுப்பாட்டாளர் திருப்பிச் சொல்கிற அதே வித்தைதான், இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இதே முறையை மற்ற விதிகளுக்கும் போட்டுப் பார்க்கலாம். கல்லோயாப் பக்கம் யானைகளுக்காக இருக்கும் வேகக் கட்டுப்பாட்டை எடுங்கள். 2025 பெப்ரவரி 20 அன்று மட்டக்களப்பில் இருந்து கொழும்பு போன மீனகயா ரயில் அங்கே யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகளாவது இறந்தன. வேகம் இவ்வளவு என்று எழுதுவது சுலபம். அந்த வேகம் எந்த மைல்கல்லில் தொடங்கி எதில் முடிகிறது, சாரதிக்கு அதை யார் எந்த ஸ்டேஷனில் கொடுக்கிறார், அவர் வாங்கினார் என்பதற்கு என்ன அத்தாட்சி, மாலையில் யானை கண்ட லைன்காரர் யாருக்குச் சொல்கிறார், அந்தச் செய்தி அடுத்த ரயிலுக்கு முந்திப் போகிறதா. கேள்விகளை இப்படி அடுக்கினால் விதியில் ஆள் இல்லாத இடம் எது என்று தெரிந்துவிடும், கிரானிட்வில்லில் ஆள் இல்லாத இடம் கட்டுப்பாட்டாளரின் காது.

அண்ணனுக்கு நாங்கள் அனுப்பியது கடைசியில் ஒரு பக்கம்தான். அதில் விதியின் மொழிபெயர்ப்பு இல்லை. பி22 இன் மூன்று பேர், ஒரு கட்டுப்பாட்டாளர், ஒரு பொயின்ற், அதன் பூட்டு என்று படம் கீறி, ஒவ்வொருவர் பக்கத்திலும் 218.105 இன் எந்த வரி அவருக்குரியது என்று தம்பி எழுதினார். கூடவே 2008 பெப்ரவரி 13 இன் அரசு வெளியீட்டில் விதிக்கு முன்னால் வருகிற நீண்ட விளக்கத்தையும் வாசிக்கச் சொன்னோம். அநேகம் பேர் அதைத் தள்ளிவிட்டு நேரே விதிக்குப் போகிறார்கள், ஆனால் ஒவ்வொரு பிரிவும் எதற்கு, ரயில் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் என்ன ஆட்சேபம் சொன்னார்கள், அதற்கு எஃப்ஆர்ஏ என்ன பதில் சொன்னது எல்லாம் அங்கேதான் சாதாரண மொழியில் இருக்கிறது. படிக்க நேரம் எடுக்கும், ஆனால் தூக்கம் வராது.

அடுத்ததாக 214 ஐ எடுக்கச் சொல்லிக் கடவைக்காரர் கேட்டிருக்கிறார், அவருடைய மைத்துனர் தண்டவாள வேலையில் இருக்கிறார். ரயில் வருவதைக் கண்டு சொல்ல நிற்கிற காவல் ஆள் வேறு எந்த வேலையும் செய்யக்கூடாது, ரயில் அந்த இடத்துக்கு வருவதற்குக் குறைந்தது 15 விநாடி முன்பு எல்லோரும் பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. எழும்பி, சாமானை எடுத்து, ஒதுங்குகிற நேரத்தோடு இந்த 15 விநாடியையும் கூட்டினால், அந்தப் பாதையின் வேகத்தில் வருகிற ரயிலை எவ்வளவு தூரத்தில் காண வேண்டும் என்று முதலில் கணக்குப் போட வேண்டும், தம்பலகாமம் பக்கத்து வளைவுகளில் அந்தத் தூரம் கண்ணுக்குத் தெரியுமா என்பதைப் போய் நின்றுதான் பார்க்க வேண்டும்.